சைரனின் வாயை நான் கட்டிய கதை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். பெருமைப்படும்படி நாலு விஷயம் எழுதுங்கள் மேடம் என்று வேறு சொல்லி அனுப்பினார்கள். பெருமைப்படும்படி நான் செய்த வேலையெல்லாம் இப்போதும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும், குழம்பு தாளிக்கும்போது திடீரென்று நினைவுக்கு வந்து என்னைக் கரண்டியும் கையுமாக நிற்க வைப்பது ஒரே ஒரு வேலைதான். அதைத்தான் எழுதப் போகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வந்த செய்தி வழியில் கெட்டுப்போகவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எழுத்துகளை எப்படிக் கணக்கிடுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை உங்கள் கணினி உங்களைவிட நன்றாகச் செய்யும். கணக்கு ஒத்துவரவில்லை என்று கருவி சொன்ன பிறகு நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதுதான் என் கவலை. ஏனென்றால் அந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும்.

அப்போது நம் பட்டறை ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்தது. இப்போதைய முதலாளியின் அப்பாதான் அன்றைய முதலாளி. நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் மூடிய செட் வரத் தொடங்கிய நேரம். உங்களில் சிலர் இன்னும் உள்ளே போய்ப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். நீளமான கொட்டகை, ஜன்னல் கிடையாது. ஒரு கோடியில் தண்ணீர் ஊறும் அட்டைச் சுவர், மறு கோடியில் ஆள் உயர ஃபேன்கள். ஃபேன் காற்றை இழுத்தால்தான் ஈரச் சுவர் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். ஃபேன் நின்றால் அது கொட்டகை இல்லை, மூடிய பாத்திரம்.

செட்டின் நீளத்துக்கு ஒரே கம்பியில் வெப்பநிலை சென்சார்கள் தொங்கும். முன்பக்கம் இருக்கும் நம் பெட்டி ஒவ்வொன்றையும் நம்பர் சொல்லிக் கூப்பிடும். மூன்றாம் நம்பரே, அளந்து சொல். கட்டளை அவ்வளவுதான். முதலில் நம்பர், அடுத்து வேலையைக் குறிக்கும் ஒரு எழுத்து, கடைசியில் முடிந்தது என்பதற்கு ஒரு குறி. அதோடு இன்னும் ஒரு எழுத்தைச் சேர்த்துக் கேட்டால், சென்சார் வெப்பநிலையுடன் மூன்று சரிபார்ப்பு எழுத்துகளையும் அனுப்பும். பெட்டியும் தன் பங்குக்குக் கணக்குப் போட்டுப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் அந்த எண்ணை நம்பும். மூன்று முறை கேட்டும் ஒத்துப்போகாவிட்டால், பதிலே வராவிட்டாலும் அதே கணக்குதான், எல்லா ஃபேனையும் ஓடவிட்டு சைரனை அடிக்கும். இதில் ஒன்று கவனிக்க வேண்டும். கேட்டால்தான் சென்சார் அந்த மூன்று எழுத்தைத் தரும். கேட்காவிட்டால் வெறும் எண்ணை அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அது சென்சார் சொன்ன எண்ணா, கம்பியில் அடிபட்டு உருமாறி வந்த எண்ணா என்று பெட்டிக்குத் தெரியாது.

சேந்தமங்கலத்துக்கு அந்தப் பக்கம் செங்கோடன் என்பவருக்குப் பண்ணை. அவர் முட்டை லாரியோடு பாதி நாள் வெளியூரில் இருப்பார். செட்டைப் பார்த்துக்கொண்டது அவர் மனைவி பாவாயி. அதுவரை திறந்த கொட்டகையில் கோழி வளர்த்தவர்கள், தோட்டத்தில் பாதியை விற்றுக் கட்டிய முதல் மூடிய செட் அது. இருபதாயிரம் கோழி. அந்தக் கோழி இருந்தால்தான் அந்தக் குடும்பம் நிமிரும் என்பது அங்கே வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

பெட்டியில் ஒரு திருகு உண்டு. ஒரு பக்கம் திருப்பினால் பெட்டியே ஃபேனை ஓட்டும், மறுபக்கம் திருப்பினால் ஆள் கையால் ஓட்டலாம். பண்ணை ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் திருப்பி மோட்டாரைக் கருக்கிவிடுகிறார்கள் என்று, அதில் கம்பி கோத்து ஈய சீல் வைத்துவிடுவோம், மின்வாரியக்காரர்கள் மீட்டருக்கு வைப்பது போல. பாவாயியிடம் விரலை நீட்டித்தான் சொன்னேன்: இதைத் தொடக்கூடாது, எல்லாம் பெட்டி பார்த்துக்கொள்ளும், சீல் உடைந்தால் நாங்கள் பொறுப்பில்லை. அவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். எனக்கு அது பிடித்திருந்தது. சொன்ன பேச்சைக் கேட்கிற வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசி கடைசியில் வெயில் ஏறியதும் அவரிடமிருந்து போன் வந்தது.

"மேடம், தெனமும் மத்தியானமானா இந்தச் சங்கு ஊதுதுங்க. கோழியெல்லாம் மெரண்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறுதுங்க. ஓடில்லாம தோல்முட்டையா உழுகுது."

போனேன். கால் மணி நேரத்தில் காரணம் தெரிந்துவிட்டது. செட்டுக்கு வயரிங் செய்தவர் திருச்செங்கோட்டுக்காரர், பல வருஷம் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். ரிக்கில் ஒரு வயர் தனியாகத் தொங்கினால் அன்றைக்கே அறுந்துவிடும். அதனால் எல்லா வயரையும் சேர்த்து ஒரே கட்டாக இறுக்கிக் கட்டுவதுதான் அந்தத் தொழிலில் கைத்திறமை. அதே அழகோடு நம் சென்சார் கம்பியையும் ஃபேன் மோட்டார் கேபிளோடு சேர்த்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சாணுக்கு ஒரு முடிச்சாகக் கட்டியிருந்தார். பார்க்கக் கண்ணுக்கு லட்சணமாக இருந்தது. மோட்டார் ஓடும்போதெல்லாம் அதன் இரைச்சல் சென்சார் கம்பிக்குள் இறங்கி, போகிற வருகிற செய்தியைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். தனியாக இழுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

செய்ய வேண்டியது என்னவென்று எனக்குச் சந்தேகமே இல்லை. சென்சார் கம்பியைப் பிரித்து எதிர்ச் சுவர் வழியாகக் கொண்டுபோக வேண்டும். கூண்டுகளுக்கு மேல் ஏணி போட்டு ஒரு நாள் வேலை. பாவாயி தயங்கினார். ஏற்கெனவே மிரண்டு கிடக்கிற கோழி, தலைக்கு மேல் ஆள் நடந்தால் முட்டையே விடாது, இந்த பேட்ச் கோழியை விற்று இறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். பேட்ச் இறங்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அன்று சாயங்காலத்துக்குள் நான் பரமத்தியில் வேறொரு பண்ணையில் இருந்தாக வேண்டும். இதற்கு நடுவில் என் தலைக்கு மேலேயே சைரன் அலறிக்கொண்டிருந்தது. சைரன் சத்தத்தில் மனுஷருக்கு யோசனை வராது, அதை நிறுத்தினால் போதும் என்றுதான் வரும்.

மடிக்கணினியைத் திறந்தேன். கட்டளையிலிருந்து அந்த ஒரு எழுத்தை எடுத்தேன்.

கேட்காததால் சென்சார் சரிபார்ப்பு எழுத்துகளை அனுப்பவில்லை. அனுப்பாததால் ஒத்துப்பார்க்க ஒன்றுமில்லை. பிழையே இல்லை. சைரன் நின்றது. பாவாயி மோர் கொடுத்து, ஸ்கூட்டியில் ஓர் அட்டை முட்டையும் கட்டிவிட்டார். சர்வீஸ் தாளில் 'சரி செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அதோடு விட்டிருந்தாலாவது ஒரு பண்ணையோடு போயிருக்கும். அடுத்த சில வாரங்களில் வேறு பண்ணைகளிலிருந்தும் இதே புகார் வந்தது. எனக்குத்தான் மருந்து தெரியுமே. எழுத்தை எடுத்த புரோகிராமையே எல்லாருக்கும் ஏற்றினேன். மொத்தம் ஒன்பது பண்ணை. புகார் நின்றுவிட்டது. முதலாளி என் மேஜைக்கு வந்து, பேசாமல் வேலை முடிக்கிற ஆள் என்று பாராட்டினார். உண்மையாகவே நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாளோ நாலாம் நாளோ. பதினொன்றரை மணி இருக்கும். பாவாயி கூப்பிட்டார். ஃபேனெல்லாம் திடீரென்று நின்றுவிட்டது, கரண்ட் இருக்கிறது, பயமாக இருக்கிறது என்றார். நான் சாவகாசமாக விளக்கினேன். ஒரு தடவை நின்றால் மோட்டாருக்கு ஐந்து நிமிஷம் ஓய்வு கொடுத்துத்தான் பெட்டி மறுபடி ஓட்டும், அப்படித்தான் வைத்திருக்கிறோம், காத்திருங்கள், தானாக ஓடும். ஏன் நின்றது என்று நான் கேட்கவில்லை. அவர் உள்ளே நிற்கிறார், அவர் உடம்பு சூட்டைச் சொல்கிறது. நான் முப்பது மைலுக்கு இந்தப் பக்கம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு அவருக்குப் பாடம் எடுத்தேன். சொன்னபடியே ஐந்து நிமிஷத்தில் ஓடியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றிருக்கிறது. மறுபடி காத்திருக்கிறார்.

பன்னிரண்டு மணிக்கு இரண்டாவது போன். இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது.

"மேடம், கோழி வாயத் தொறந்துக்கிட்டு நிக்குதுங்க. கடைசி வரிசையில உழ ஆரம்பிச்சிருச்சு. நா பொட்டியவே பாத்துக்கிட்டு நின்னனுங்க. முப்பத்திரெண்டுன்னு இருந்தது ஒரே தாவா இருவத்திரெண்டுன்னுச்சு. உடனே அத்தனை ஃபேனும் நின்னுபோச்சு. இந்த வெயில்ல இருவத்திரெண்டு எங்கிருந்துங்க வரும்?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. கம்பியில் போகும்போது மூன்றுக்கும் இரண்டுக்கும் ஒரே ஒரு துடிப்புதான் வித்தியாசம். அந்த ஒன்றை மோட்டார் இரைச்சல் தின்றுவிட்டால் முப்பத்திரண்டு இருபத்திரண்டாகிவிடும். குளிர்ந்துவிட்டது என்று நம்பி பெட்டி ஃபேனை நிறுத்தும். ஃபேன் நின்றதும் இரைச்சலும் நிற்கும், எண் சரியாக வரும், ஆனால் ஐந்து நிமிஷ ஓய்வு முடிகிறவரை ஃபேன் ஓடாது. ஓடினால் மறுபடி இரைச்சல், மறுபடி ஒரு பொய். சூட்டுக்கென்று தனியாக ஒரு சைரன் உண்டு, அது நாற்பதில்தான் அடிக்கும். நாற்பதைத் தொடுவதற்குள் ஓய்வு முடிந்து ஃபேன் ஓடிவிடும் என்பதால் அதுவும் வாய் திறக்கவில்லை. எல்லா ஃபேனும் ஓட வேண்டிய உச்சி வெயிலில்தான் இது நடக்கும். பங்குனியிலும் ஒன்றிரண்டு முறை நடந்திருக்கும், கோழி தாங்கியது, யாரும் கவனிக்கவில்லை. பொய் எண்ணைப் பிடிக்கவென்றே இருந்த ஒரு எழுத்தை என் கையால் எடுத்திருந்தேன்.

"அக்கா, சீலை உடைச்சு திருகைக் கைப் பக்கம் திருப்புங்க. எல்லா ஃபேனையும் போடுங்க" என்றேன்.

"ஒடைக்கலாமுங்களா? ஒடைக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"நான் சொன்னது தப்பு. உடைங்க."

தீவன மூட்டை பிரிக்கிற கத்தியால் கம்பியை அறுத்தார். போன் வழியாக ஃபேன்கள் ஒவ்வொன்றாக எழுந்து வருகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் குறையாமல் இருக்கிறதா என்று இரண்டு நிமிஷம் காதை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் மீதி எட்டுப் பண்ணை நினைவுக்கு வந்தது. எட்டிலும் அதே வெயில், அதே புரோகிராம், அதே சீல்.

முதலாளியிடம் ஓடினேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் வியாபாரி. இப்போது போன் போட்டு நம் பெட்டி பொய் சொல்கிறது என்று நாமே சொன்னால், நாளைக்கு நாமக்கல் முழுவதும் தெரிந்துவிடும், ஒருத்தரும் நம்மைச் சேர்க்க மாட்டார்கள் என்றார். பாவாயியிடம் வோல்டேஜ் கோளாறு என்று சொல்லிவிட்டு வா என்றார்.

"மத்த எடத்துக்கு சாயங்காலம் வெயில் இறங்கினதும் நாமளே நேர்ல போயி அந்த எழுத்தைச் சேத்துட்டு வந்துரலாம்மா. யாருக்கும் தெரியாது" என்றார்.

உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன், அது எனக்கு நல்ல யோசனையாகப் பட்டது. ஒரு நிமிஷம் பட்டது. என் பெயர் கெடாது, வேலை போகாது. அந்த ஒரு நிமிஷத்தைத்தான் நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கும் ஒரு நாள் வரும், அது நல்ல யோசனை மாதிரிதான் வரும், குற்றம் மாதிரி வராது. மாசி மாதம் செட்டில் சைரனுக்கு அடியில் நின்றபோதும் எனக்கு இதே மாதிரி நல்ல யோசனைதான் வந்தது.

"சாயங்காலம் வரைக்கும் கோழி உயிரோட இருக்கணுமே சார்" என்று சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே உட்கார்ந்து, பண்ணைகளின் பட்டியலை எடுத்துப் போட்டு முதல் நம்பரை அழுத்தினேன். என்ன ஆனாலும் எட்டையும் முடிக்காமல் அந்த நாற்காலியிலிருந்து எழுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அவர் பட்டியலின் கீழ்ப்பாதியைக் கிழித்து எடுத்துக்கொண்டு தன் போனை எடுத்தார். அந்த மனுஷர் மேல் எனக்கு இன்றும் மரியாதை இருப்பதற்கு அந்தக் கிழித்த காகிதம்தான் காரணம்.

எல்லாரிடமும் ஒரே வாக்கியம்தான். எங்கள் பெட்டியில் தவறு இருக்கிறது, சீலை உடைத்து எல்லா ஃபேனையும் கையால் ஓட்டுங்கள், காரணத்தை அப்புறம் சொல்கிறோம். ஒருவர் கேட்கக் கூசும்படி திட்டினார். திட்டி முடிக்கிறவரை காத்திருந்து, உடைத்தாயிற்றா என்று கேட்டேன். ஒருவர், எங்கள் செட்டிலும் காலையிலிருந்து நின்று நின்றுதான் ஓடுகிறது, கரண்ட் என்று நினைத்தோம் என்றார். ஒருவர் எடுக்கவே இல்லை. அவருக்குத் தீவனம் கொண்டுபோகிற லாரி டிரைவரைப் பிடித்து, அவர் மூலம் பக்கத்துத் தோட்டத்துக்காரரைப் பிடித்து, அந்த ஆள் வரப்பில் ஓடிப்போய்ச் சொன்னார். எட்டு இடத்திலும் சீல் உடைய முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஓரிடத்திலும் பெரிய இழப்பில்லை.

பிறகு பாவாயி பண்ணைக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்தபோது யோசித்தது ஒன்றும் உதவவில்லை. செட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் செத்த கோழிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஃபேன் பக்கத்துக் கடைசி வரிசைகள், சூடெல்லாம் போய்ச் சேர்கிற இடம். நானூறுக்கு மேல் இருக்கும். மீதியெல்லாம் உயிரோடு இருந்தன. பாவாயி முகம் கழுவிவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு எழுத்து, அதை எடுத்தால் சைரன் அடிக்காது, அதைத்தான் மாசியில் எடுத்தேன், சரி செய்தேன் என்று எழுதியது பொய்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அந்தச் சங்கு சும்மா ஊதலீங்களா?"

"இல்லக்கா. அது சரியாத்தான் சொல்லுச்சு."

"ரெண்டு வாட்டி கையி அந்தத் திருகுகிட்ட போச்சுங்க. படிச்ச புள்ள சொல்லியிருக்குதேன்னு எடுத்துக்கிட்டேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் என்னைத் தேற்றவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை.

மறுநாள் விடியும்போதே இரண்டு ஆட்களோடு அங்கே இருந்தேன். ராத்திரியோடு ராத்திரியாக லாரியை விட்டுவிட்டு வந்திருந்த செங்கோடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார். அதில் நியாயம் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கூட விட்டேன். பாவாயிதான் குறுக்கே வந்தார்.

"இவங்கள அனுப்பிச்சா வேற ஒருத்தரு வந்து வேற பொட்டி வெப்பாங்க. அதுல தப்பு நடந்தா வந்து சொல்லுவாங்கன்னு என்னுங்க நிச்சயம்? இவங்க வந்து சொன்னாங்கல்ல. இவங்களே சரிபண்ணட்டும்."

சரிபண்ணினோம். ஏணி போட்டு, மாசியிலேயே செய்திருக்க வேண்டிய அந்த ஒரு நாள் வேலையைச் செய்தோம். சென்சார் கம்பியை எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோனோம். கோழி மிரண்டது, முட்டை குறைந்தது. மூன்று மணிக்கு அந்த எழுத்தைக் கட்டளையில் திரும்பச் சேர்த்தேன். எல்லா ஃபேனையும் ஓடவிட்டுப் பார்த்தோம். ஒரு பிழைகூட இல்லை, எண் தாவவில்லை, சைரன் அடிக்கவில்லை. திருகுக்கு சீல் வைக்கவில்லை. அன்றோடு அந்த வழக்கத்தை நம் கம்பெனியில் விட்டாயிற்று. மீதி எட்டுப் பண்ணையிலும் அடுத்தடுத்து இதே வேலையைச் செய்தோம். பாவாயி பண்ணையில் அன்று வேலை முடிந்தது என்று நினைத்துக் கருவிகளைப் பையில் போட்டேன்.

பாவாயி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "மேடம், சங்கு ஊதலீங்க. கம்பி சரியாப் போச்சுன்னு ஊதலையா, மறுக்கா வாயக் கட்டிட்டீங்கன்னு ஊதலையா, எனக்கு எப்படித் தெரியும்?"

கணினியைத் திறந்து காட்டலாம் என்று தோன்றியது. அதில் அவருக்கு என்ன தெரியும்? நான் சொல்வதை மறுபடி ஒரு தடவை நம்ப வேண்டியதுதான். அவர் கேட்டது அதுவல்ல. அதனால் சென்சார் கம்பி பெட்டிக்குள் நுழைகிற முனையைக் காட்டி, நீங்களே பிடுங்குங்கள், வாயைக் கட்டியிருந்தால் பிடுங்கினாலும் ஊதாது என்றேன். பிடுங்கினார். பெட்டி ஒரு முறை கேட்டது, இரண்டு முறை கேட்டது, மூன்றாவது முறை கேட்டதும் சைரன் அலறியது. செட்டிலிருந்த அத்தனை கோழியும் ஒரே நேரத்தில் இறக்கை அடித்தது. வெளியே நின்ற செங்கோடன் ஓடிவந்தார். பாவாயி அசையவில்லை. கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தம் முழுவதையும் கேட்டார். திரும்பச் செருகச் சொல்லி, சைரன் நின்றதும், இன்னொரு தடவை பிடுங்கிப் பார்த்தார்.

ஒவ்வொரு பெட்டியையும் ஒப்படைக்கும்போது பண்ணைக்காரர் கையாலேயே கம்பியைப் பிடுங்க வைத்து சைரனைக் கேட்க வைக்கிறோமே, கால் மணி நேரம் வீண் என்று உங்களில் இரண்டு பேர் முணுமுணுத்ததாகக் கேள்விப்பட்டேன். அது எந்தத் தர விதியிலும் இல்லை. நம் கம்பெனி யோசித்ததும் இல்லை. என்னை வாசலில் மறித்த அம்மா கேட்டு வாங்கியது. அதை விட்டுவிட்டு வருகிறவர், ஓய்வு பெற்றுவிட்டாளே என்று நினைக்க வேண்டாம், நேராக வந்து என்னைப் பாருங்கள்.

அன்று கிளம்பும்போது, சத்தத்துக்குக் கோழி மிரளுமே, கொஞ்சம் மெதுவாக வைத்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டேன். பாவாயி வேண்டாம் என்றார்.

"சத்தமாவே ஊதட்டுமுங்க. கோழிய நா பழக்கிக்கறேன்."